பலாக்கொட்டை ஏன் மழைக்குக் காத்திருப்பதில்லை?

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமநாதபுரம் கடற்கரைத் தெருக்களில் பலாப்பழ வண்டிகள் வருவதும் இதே நாட்களில்தான். பண்ருட்டியிலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் லாரியில் வரும் பழத்தை வெட்டி, சுளையை எண்ணி விற்பார்கள். சுளை தின்றபின் மிஞ்சும் கொட்டைக்கும் எங்கள் வீடுகளில் மதிப்பு உண்டு. புதுமீன் குறைந்திருக்கும் அந்த இரண்டு மாதங்களில் கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட கருவாட்டுக் குழம்பு இல்லாத வீடு குறைவு.

குழம்புக்குப் போக ஐந்தாறு கொட்டைகளை என் பெரியம்மா எடுத்து வைப்பார். கழுவி, மொட்டைமாடியில் காயப்போட்டு, தகர டப்பாவில் போட்டு மூடி, ஐப்பசி மழை வந்ததும் கொல்லையில் ஊன்றுவார். ஆண்டுதோறும் இது நடந்தது. ஒன்றுகூட முளைத்ததில்லை.

காரணம் சொல்ல மட்டும் தெருவில் ஆள் குறைவில்லை. உப்புக்காற்று என்பார் ஒருவர். ஒட்டுமரத்துப் பழம், அதன் கொட்டை மலடு என்பார் இன்னொருவர். கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் என்று மூன்றாமவர் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, "இது மலை மரம், நம் மண்ணுக்கு வராது" என்ற தீர்ப்பு ஒன்று இருக்கும். இவற்றில் சிலவற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பெரியம்மாவின் கொட்டைகள் விஷயத்தில் எதுவுமே காரணம் இல்லை. அவை மண்ணைத் தொடும்போதே உயிரோடு இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே மொட்டைமாடியில் செத்துவிட்டன.

"விதை என்றால் காயவைத்துத்தானே சேமிக்க வேண்டும்?" என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழும். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நெல் சொல்லிக்கொடுத்த பாடம்

ராமநாதபுரம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைதான். அதனால் இங்கே புழுதி விதைப்பு பழகிய முறை. மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணை உழுது, காய்ந்த நெல்லைத் தூவிவிடுவார்கள். நெல் புழுதியில் கிடக்கும். வெயில் அடிக்கும், காற்று புரட்டும். ஒருநாள் மழை இறங்கியதும் வயல் பச்சை கட்டும்.

2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாயும் இந்தப் பள்ளியில் படித்ததுதான். களத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் காயவைத்த பழத்திலிருந்து எடுத்த விதை அடுத்த பருவத்துக்கு முளைக்கும். சீமைக்கருவேல விதை இன்னும் ஒரு படி மேல். ஆட்டின் வயிற்றுக்குள் போய், புழுக்கையோடு வெளியே வந்து, வெயிலில் கிடந்து, பிறகும் முளைக்கும். அதை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேரீச்சையைச் சொல்லாமல் விட முடியாது. இஸ்ரேலில் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுகள் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்து மரமாகிவிட்டது. கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்தில் துப்பும் கொட்டைக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது.

ஆக, காய்ந்த நிலத்தில் வாழும் ஒருவர் கண்ணால் கண்டதெல்லாம் ஒரே பாடம்: ஈரம் விதைக்கு எமன், காய்ச்சல் விதைக்குக் காவல். பெரியம்மா செய்தது அறியாமையால் அல்ல. நெல்லுக்கும் மிளகாய்க்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும் அறிவைப் பலாக்கொட்டையிடம் கொண்டுபோனார். அங்கேதான் கணக்கு தப்பியது.

கரையேற்றிய படகு

விதை காய்வதும் கருவாடு காய்வதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதலில் கருவாட்டைத்தான் உவமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் அது நீந்தப்போவதில்லை. காய்ந்த நெல்லோ உயிரோடு இருக்கிறது. எனவே உவமையை மாற்ற வேண்டும்.

தடைக்காலத்தில் கரையேற்றிய படகைப் பாருங்கள். பொறுப்பான படகுக்காரர் அதை அப்படியே மணலில் விட்டுவிடமாட்டார். இயந்திரத்தை நிறுத்துவார். உள்ளே தேங்கிய நீரை வடிப்பார். துருப்பிடிக்கும் இடங்களில் எண்ணெயும் கிரீஸும் தடவுவார். 61 நாள் கழித்து அது மறுபடி கடலுக்குப் போகும். அது செத்த படகு இல்லை. ஒழுங்காக ஓய்வுக்கு அனுப்பப்பட்ட படகு.

நெல்மணி கதிரில் முற்றும்போது நடப்பது இதுதான். பால் பிடிக்கும் பருவத்தில் மணியை நசுக்கினால் வெள்ளைப் பால் வரும்; அப்போது அதில் தண்ணீர் மிகுதி. பிறகு தாய்ச்செடியில் இருக்கும்போதே தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. விதையின் எடையில் தண்ணீரின் பங்கை ஈரப்பதம் என்கிறோம். நெல்லை 12 அல்லது 13 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டுவார்கள்.

தண்ணீர் குறையும் அந்த நாட்களில் விதைக்குள் இருக்கும் கரு, அதாவது வருங்காலச் செடியின் சிறு உருவம், சும்மா இருப்பதில்லை. மூச்சு விடுவதையும் வளர்வதையும் படிப்படியாக நிறுத்துகிறது. காப்புப் புரதங்களைச் சேர்க்கிறது. சில வகைச் சர்க்கரைகளை நிரப்புகிறது. பதநீர் காய்ச்சும்போது பாகின் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டால் கெட்டியாக இறுகிப்போகும் அல்லவா? அதைப்போல, தண்ணீர் போன இடத்தில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து செல்லுக்குள் இறுகிவிடுகின்றன. விதை ஆய்வாளர்கள் இதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். அந்த இறுக்கத்தில் எதுவும் அசையாது; அசையாததால் எதுவும் எளிதில் கெடாது. மழை நீர் உள்ளே போனதும் பாகு இளகி, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட விதையை உலர்வு தாங்கும் விதை என்று சொல்லலாம்.

சுருக்கமாக: காய்ச்சல் தானாக விதையைக் காப்பதில்லை. காய்வதற்கு முன் விதை தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அந்தத் தயாரிப்புதான் காக்கிறது.

ஓடும் இயந்திரத்தில் தண்ணீர் தீர்ந்தால்

பலாக்கொட்டை இந்தத் தயாரிப்பைச் செய்வதே இல்லை.

ஒரு பலாப்பழம் என்பது உண்மையில் ஒரே பழம் அல்ல. ஒரே தண்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்ற ஏராளமான பூக்கள் ஒன்றாகத் திரண்ட கூட்டுக்கனி அது. காயாகிய ஒவ்வொரு பூவும் ஒரு சுளை, ஒவ்வொரு சுளைக்குள்ளும் ஒரு கொட்டை. காயாகாத பூக்கள்தான் சுளைகளுக்கு நடுவே சடையாகக் கிடக்கின்றன. இந்த ஏற்பாட்டில் கொட்டை எங்கே இருக்கிறது பாருங்கள்: சுளைக்குள், பாலும் சாறும் நிறைந்த கூட்டுக்குள், முள்தோலுக்குள். நெற்கதிரைப்போல வெயிலில் காற்றாட அது ஒருநாளும் நின்றதில்லை. பழம் முழுதாகப் பழுத்த நாளிலும் கொட்டையின் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர்தான். அதிகம் பழுத்த பழத்தை வெட்டும்போது சில கொட்டைகள் உள்ளேயே வேர்விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ சாபமிட்டதால் அப்படி ஆனதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அந்த இயந்திரம் ஓடும்போதே குளிர்விக்கும் தண்ணீர் தீர்ந்துபோனால் படகில் என்ன ஆகும்? சூடேறி, உள்பாகங்கள் இறுகி, நடுக்கடலில் நின்றுவிடும். மொட்டைமாடியில் காயும் பலாக்கொட்டைக்கும் அதே கதி. கரு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, தண்ணீரோ போய்க்கொண்டிருக்கிறது. பாதி தண்ணீர் போன நிலையில் செல்லின் வேலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் குழம்புகின்றன. துருவேற்றும் தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு சுருங்கி, கிழிந்து, உள்ளிருப்பது கசிகிறது. நெல் பத்திரமாக இருக்கும் 12, 13 விழுக்காட்டை எட்டுவதற்கு வெகு முன்பே பலாக்கொட்டையின் கதை முடிந்துவிடும். மேலே பழுப்புத் தோல் அழகாகத்தான் இருக்கும். தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். அதைக் கேட்டு "நன்றாகக் காய்ந்துவிட்டது" என்று மகிழ்வோம்.

இவ்வகை விதைதான் உலர்வு தாங்கா விதை. 1973இல் விதை ஆய்வாளர் ஈ. ஹெச். ராபர்ட்ஸ் விதைகளை இந்த இரண்டு வகையாகப் பிரித்து, முதல் வகைக்கு ஆர்த்தடாக்ஸ் என்றும் இரண்டாவதற்கு ரிகால்சிட்ரன்ட் என்றும் பெயர் வைத்தார். முதல் சொல்லுக்கு மரபை மீறாதது என்று பொருள். இரண்டாவதற்குச் சொன்னபடி கேட்காதது. எனக்கு இந்தப் பெயர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. கிடங்கில் அடைக்க நினைக்கும் மனிதனுக்குத்தான் அது அடங்காத பிள்ளை. மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

வெயிலில் காயவைத்தால்தானே கெடும், நிழலில் மெதுவாக உலர்த்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மென்மையான யோசனைபோலத் தெரிந்தாலும் அது இன்னும் மோசம். மெதுவாகக் காயும் விதை, பாதி ஈரமும் பாதி காய்ச்சலுமான அந்த ஆபத்தான இடைநிலையில் அதிக நாள் மாட்டிக்கொள்கிறது. துருவேற நேரமும் கிடைக்கிறது. மிக வேகமாக உலர்த்தினால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பலாக்கொட்டை போன்ற பருத்த விதையை வீட்டில் அவ்வளவு வேகமாக உலர்த்த வழி கிடையாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நெல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காய்கிறது, பிழைக்கிறது. பலாக்கொட்டை இயந்திரம் ஓடும்போதே காய்கிறது, சாகிறது.

பெரிய விதை, சிறிய விதை என்ற கணக்கு

பருமனாகவும் சதைப்பற்றுள்ள பழத்துக்குள்ளும் இருந்தால் உலர்வு தாங்காது என்று ஒரு குறுக்குவழி சொல்கிறார்கள். ஓரளவுக்குத்தான் சரி. மா, நாவல், தேங்காய், ரப்பர், கோகோ, துரியன் எல்லாம் பலாவின் கட்சி. ஆனால் சதைப்பற்றுள்ள பழத்துக்குள் இருக்கும் பேரீச்சங்கொட்டை எதிர்க்கட்சி. புளியங்கொட்டையும் அப்படியே. காப்பிக்கொட்டையோ இரண்டு கட்சியிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. அதற்காகவே 1990இல் இடைநிலை என்று மூன்றாம் வகை ஒன்றைச் சேர்த்தார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சீமைக்கருவேல விதை கல்போன்ற தோலால் மூடிக்கொண்டு, தண்ணீர் பட்டாலும் உடனே முளைக்காமல் கிடக்கிறதே, அதற்கு உறக்கநிலை என்று பெயர். உலர்வு தாங்குவது வேறு, உறங்குவது வேறு. காய்ந்த நெல் உலர்வைத் தாங்கும். ஆனால் சேமித்து வைத்த நெல்லுக்குத் தண்ணீர் காட்டினால் உடனே எழுந்துவிடும். "பலாக்கொட்டை தூங்குகிறது, கொஞ்ச நாள் பொறுத்தால் முளைக்கும்" என்று சொல்லித்தான் பெரியம்மாவைத் தை மாதம்வரை நீர் ஊற்ற வைத்தார்கள். பலாக்கொட்டைக்குத் தூங்கவே தெரியாது.

காட்டில் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

பலாவின் பூர்வீகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைமாறாக் காடுகள். சங்கப் பாடல்களில் அது குறிஞ்சி நிலத்து மரம். ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அடிமரத்திலேயே காய்த்துத் தொங்குவது. அந்தக் காட்டில் பழம் பருவமழையை ஒட்டிப் பழுத்து விழுகிறது. கரடியோ யானையோ குரங்கோ தின்று கொட்டையைச் சிதறவிடுகின்றன. விழும் இடம் சருகும் ஈரமுமான நிழல். அங்கே மழைக்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. காத்திருந்தால் எலியும் பூஞ்சையும்தான் தின்னும். எனவே உடனே முளைப்பவன் பிழைக்கிறான். விதையாகக் காத்திருப்பதற்குப் பதிலாக, கொட்டையில் நிறைந்திருக்கும் மாவுச்சத்தைத் தின்றுகொண்டு நாற்றாகக் காத்திருக்கிறது. நாம் வேகவைத்துத் தின்பதும் அந்தக் கட்டுச்சோற்றைத்தான்.

2017இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகின் விதைத் தாவரங்களில் சுமார் 8 விழுக்காடு உலர்வு தாங்கா விதை கொண்டவை என்கிறது. ஈரமான வெப்பமண்டலக் காட்டு மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பங்கு வெகுவாகக் கூடிவிடும்.

இது மலைக்காட்டின் சங்கதி, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் படகில் போனவர்கள் அலையாத்திக் காட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கே நிற்கும் கண்டல் மரமும் பலாவின் கட்சிதான், இன்னும் தீவிரமான உறுப்பினர். அதன் கரு, காய் மரத்தில் இருக்கும்போதே வளரத் தொடங்கிவிடுகிறது. விழுந்து தண்ணீரில் மிதந்து தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேறு கிடைத்ததும் வேர் ஊன்றுகிறது. உலர்வு தாங்கா விதைகளைப் பற்றி உலகம் கற்றதில் ஒரு நல்ல பங்கு இந்த மரத்தின் விதையை ஆராய்ந்து கற்றதே. மழைக்காடும் உப்புச் சேறும் வேறு வேறு உலகம். ஆனால் விதை விழும் இடத்தில் தண்ணீர் நிச்சயம் என்பது இரண்டுக்கும் பொது.

குளிர்பெட்டியில் வைத்தால்?

கெட்டுப்போகும் பொருளைக் குளிரில் வைப்பது இப்போது எல்லார் கையும் தானாகச் செய்யும் வேலை. ஐஸ் பெட்டியில் மீனைக் காப்பதுபோல் விதையையும் காக்கலாமே? நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைக் கிடங்கு, விதைகளை மைனஸ் 18 டிகிரியில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே போகும் விதை முதலில் நன்றாக உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். உலராத பலாக்கொட்டையை அந்தக் குளிரில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, செல்லைக் குத்திக் கிழிக்கும். உறையாத அளவுக்கு வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாலும் பல வெப்பமண்டல விதைகள் குளிர் தாங்காமல் செத்துப்போகும். ஆக, பலாவுக்கு உலக விதைக் கிடங்கில் இடமில்லை. அதன் வகைகளைக் காக்க விரும்புபவர்கள் மரமாகவே வளர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குறுகிய சந்து திறந்திருக்கிறது. முழுக் கொட்டையை விட்டுவிட்டு, உள்ளே முளையாகப் போகும் சிறு அச்சை மட்டும் வெட்டியெடுத்து, வேகமாக உலர்த்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்தும் முறை அது. தேயிலை, கோகோ, பலா மூன்றையும் வைத்து தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் 1995இல் வெளிவந்தன. முழு விதையைவிட இந்தச் சிறு அச்சு கூடுதல் உலர்வைத் தாங்குகிறது என்பது அவற்றில் தெரிந்தது. வீட்டில் செய்யும் வேலை இல்லை.

அப்படியானால் இங்கே எப்படி ஊன்றுவது?

பழம் தின்ற அன்றே ஊன்ற வேண்டும். நன்றாக முற்றிப் பழுத்த பழத்தின் பருத்த கொட்டையாகப் பார்த்து, வழவழப்பு போகக் கழுவி, ஈர மண் நிரப்பிய பையிலோ தொட்டியிலோ படுக்கவாட்டில் வைத்து மூடினால் போதும். அன்றைக்கு முடியவில்லையென்றால் ஈர மணலிலோ ஈரத் தென்னைநார்த் தூளிலோ புதைத்து நிழலில் வையுங்கள். அப்படியும் சில வாரங்கள்தான் தாங்கும். அதற்குள் அதுவே முளைத்துவிடும். குழம்புக்காக வைத்திருக்கும் கொட்டை எவ்வளவு காய்ந்தாலும் கவலையில்லை. தின்பதற்கு உயிர் தேவையில்லை.

முளைத்தபின் வேறு கணக்குகள் தொடங்கும். தெருவில் சொன்ன காரணங்கள் அப்போதுதான் வேலைக்கு வரும். தேங்கும் தண்ணீரும் உப்பும் பலாவுக்கு ஆகாது. கடலை ஒட்டிய மணலில், கரித்த கிணற்றுநீரை ஊற்றி அதை வளர்ப்பது கடினம். சற்று உள்ளே, நல்ல தண்ணீர் உள்ள தோட்டத்தில், கன்றுக்குச் சில கோடைகள் நிழலும் நீரும் கொடுத்தால் வாய்ப்பு உண்டு. ஆணிவேர் சீக்கிரம் இறங்கும் மரம் என்பதால் கன்றைத் தொட்டியில் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது. தின்ற பழத்தின் அதே ருசியையும் எதிர்பார்க்க வேண்டாம். பலாவில் வேறு மரத்தின் மகரந்தம் சேர்ந்துதான் பெரும்பாலும் காய்க்கிறது. பிள்ளை தாயைப்போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதே ருசி வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான்.

போன தடைக்காலத்தில் பெரியம்மா சுளை உரித்த பிசின் கையோடு ஐந்து கொட்டைகளை வாளியில் ஊன்றினார். நான்கு முளைத்தன. ஆடிக் காற்றில் ஒன்று சாய்ந்தது, ஒன்றைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்தது. மீதி இரண்டைக் கடலைவிட்டுச் சற்று உள்ளே கிணறு இறைக்கும் தன் தம்பியின் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார். தகர டப்பாவில் இப்போது மிளகாய் விதை இருக்கிறது.